நாய் தொலைந்தால் ஓடாதீர்கள், உட்காருங்கள்

நாய் காணாமல் போனால் முதலில் நெஞ்சு படபடக்கும், அப்புறம் வாய் தானாகவே அதன் பெயரைக் கத்த ஆரம்பிக்கும், கால் தானாக ஓடும். பயந்து ஓடிய நாயைப் பொறுத்தவரை கத்துவதும் ஓடுவதும் இரண்டுமே கெடுதல். அக்கா வீட்டு நாய் கயா சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் தொலைந்ததையும், அக்கா மகன் கவின் அதைத் தேடிக் கண்டுபிடித்ததையும் யாருக்காவது உதவும் என்று எழுதி வைக்கிறேன். கண்டுபிடித்தது அவன்தான். பெரியவர்கள் நாங்கள் கூடப் போனோம், அவ்வளவுதான். அவனுக்கு வயது ஒன்பது, தொடக்கநிலை 3.

கயா, 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று இங்கே செல்லமாகச் சொல்கிற நாட்டுக் கலப்பு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் அனுமதித்த சிறிய இனமாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2012ல் 'அடோர்' திட்டம் வந்த பிறகுதான் நடுத்தர உயரமுள்ள நாட்டு நாய்களையும் மீட்பு அமைப்புகள் வழியாகத் தத்தெடுக்க முடிகிறது. கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப், உரிமம், பயிற்சி வகுப்பு எல்லாம் கட்டாயம். இவ்வளவும் முடித்து வந்த நாய்தான், ஆனால் பிறந்தது தெருவோரத்தில். குடையைப் படாரென்று விரித்தால் சோபாவுக்குப் பின்னால் போய்விடும். வீட்டுக்கு வந்தவர்கள் கிளம்பும்வரை வெளியே வராது. இந்தச் சுபாவத்தை ஏன் சொல்கிறேன் என்றால், தேடும் முறையை முடிவு செய்வதே நாயின் சுபாவம்தான். யாரைப் பார்த்தாலும் வாலாட்டிப் போகிற நாய் தொலைந்தால் பெரும்பாலும் இன்னொருவர் வீட்டில்தான் இருக்கும்; அக்கம்பக்கத்தில் விசாரித்தால் கிடைத்துவிடும். கயா மாதிரி கூச்ச நாய் யாரிடமும் போகாது, ஒளிந்துகொள்ளும்.

தீபாவளி நெருங்கும்போது ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் 'பட்டாசுச் சத்தம், நாயைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். இங்கே 1972லிருந்து பட்டாசுக்குத் தடை, நாம் கொளுத்துவது கம்பி மத்தாப்புதான். சிங்கப்பூரில் நாய்களுக்குப் பட்டாசு என்றால் அது இடி. அக்டோபர், நவம்பரில் பிற்பகலானால் வானம் கறுத்து, முன்னறிவிப்பே இல்லாமல் தலைக்கு மேலே வெடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் தேசிய தின ஒத்திகைக்குப் பறக்கும் போர் விமானங்களும், சீனப் புத்தாண்டுச் சிங்க நடன மேளமும் அதே ரகம். கயா தொலைந்த அன்றைக்கு அத்தான் அதைக் கீழே நடக்கக் கூட்டிப் போயிருந்தார். மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. இடி விழுந்ததும் கயா முன்னால் ஓடவில்லை, பின்னால் இழுத்தது. முன்னங்கால்களைச் சேர்த்து, தலையைக் குனிந்து, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கியது. மார்புப் பட்டை அப்படியே தலைவழியாகக் கழன்று அத்தான் கையில் தொங்கியது. பட்டையை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் மாட்டியிருந்தார், கடையில் சொன்ன அளவு அதுதான். ஆனால் மெலிந்த மார்பும் குறுகிய தலையும் உள்ள நம் நாட்டு நாய்கள் பின்னோக்கி இழுத்தால் சாதாரணப் பட்டை பலதும் கழன்றுவிடும்.

உங்கள் நாய் புளோக்குக்கு, அதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்கு, உள்ளேயே தொலைந்திருந்தால், அதாவது வாசல் கேட் திறந்திருந்து ஓடிப்போயிருந்தால், முதல் ஒரு மணி நேரம் படிக்கட்டுகளில் தேடுங்கள். கீழே மட்டும் பார்க்காதீர்கள். பயந்த நாய் மேலேயும் ஏறும், எல்லா மாடியும் வெளியிலிருந்து ஒரே மாதிரி இருப்பதால் தன் வீடு என்று நினைத்து வேறு மாடியில் அதே திசை வாசலில் படுத்திருந்த நாய்களைப் பற்றியும் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒருவர் மேலேயிருந்து படிக்கட்டு வழியாக இறங்க வேண்டும், இன்னொருவர் கீழே நிற்க வேண்டும். அப்புறம் பல மாடி வாகன நிறுத்துமிடத்தில் வண்டிகளுக்கு அடியில், குப்பை மையத்தின் பின்புறம், சைக்கிள் நிறுத்துமிடம். கயா வெளியே ஓடியதால் எங்களுக்கு இது பயன்படவில்லை, இருந்தாலும் பார்த்தோம்.

அன்று மாலையே செய்ய வேண்டிய எழுத்து வேலை ஒன்று இருக்கிறது, அதை அக்கா செய்தாள். தேசியப் பூங்காக் கழகத்தின் கீழ் உள்ள விலங்கு மருத்துவச் சேவைப் பிரிவுக்குத் தகவல் கொடுப்பது, நாய் உரிம இணையத்தளத்தில் நம் தொலைபேசி எண்ணும் முகவரியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது, சுங்கை தெங்கா ரோட்டில் இருக்கும் எஸ்பிசிஏ (விலங்குவதைத் தடுப்புச் சங்கம்) காப்பகத்துக்குச் சொல்வது, பக்கத்துக் கால்நடை மருத்துவர்களுக்குப் படம் அனுப்புவது. மைக்ரோசிப் இருக்கிறதே, அதை வைத்து எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாதா என்று அம்மா கேட்டார். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அது அரிசி மணி அளவுக் குப்பி, உள்ளே ஓர் எண் மட்டும் இருக்கிறது. யாராவது நாயைப் பிடித்து, அதற்கான கருவியைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எண் தெரியும். அந்த எண்ணோடு சேர்ந்திருக்கும் தொலைபேசி எண் பழையது என்றால் சிப் இருந்தும் பயனில்லை. வீடு மாறினவர்கள், எண் மாற்றினவர்கள் இதைப் படிக்கும்போதே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு உரிமம் ஆண்டுக்கு 15 வெள்ளிதான், செய்யாத நாய்க்கு 90. உரிமமே இல்லாவிட்டால் அபராதம் 5,000 வெள்ளி வரை போகலாம். அதைவிட முக்கியம், தெருநாய் என்று நினைத்து யாராவது பிடித்துவிட்டால் இது வீட்டு நாய் என்று சொல்லும் சாட்சி சிப்போடு சேர்ந்த அந்த உரிமம்தான்.

இரவு, கயாவைத் தந்த மீட்பு அமைப்பின் தன்னார்வலர் ஒருவர் அழைத்தார். அவர் சொன்னதுதான் எங்கள் தேடலின் போக்கையே மாற்றியது. பயந்து ஓடிய நாய் சில மணி நேரத்தில் வேறு மனநிலைக்குப் போய்விடும். உயிர் பிழைப்பது ஒன்றுதான் அதன் நினைப்பாக இருக்கும், வளர்த்தவர் குரலே கேட்டாலும் ஓடும், ஏனென்றால் அதன் காதுக்கு எல்லா உரத்த குரலும் ஆபத்துதான். துரத்தினால் சாலையில் பாயும். பகலில் ஒளிந்திருக்கும், ஆள் நடமாட்டம் குறைந்த பின்னிரவிலும் விடியற்காலையிலும் நடமாடும். ஒரே இடம் பாதுகாப்பு என்று தோன்றிவிட்டால் அங்கேயே சுற்றும். ஆகவே தேடாதீர்கள், எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், தெரிந்தபின் அங்கே போய் உட்காருங்கள் என்றார். இருபது பேர் சேர்ந்து தேட வருகிறோம் என்று நண்பர்கள் சொன்னதை அத்தான் கும்பிடு போட்டு மறுத்தார். அது சிலருக்கு வருத்தம்கூட.

கவினிடம் என்ன சொல்வது என்பதில் வீட்டில் அன்றிரவு பேச்சு வந்தது. கயாவை யாரோ நல்லவர்கள் எடுத்து வைத்திருக்கிறார்கள், நாளைக்கு வந்துவிடும் என்று சொல்லித் தூங்க வைக்கலாம் என்பது அம்மாவின் யோசனை. எனக்கு உடன்பாடில்லை. பிள்ளைகள் பொய்யை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நாம் சொல்கிற உண்மையையும் நம்ப மாட்டார்கள். அக்கா அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "எங்கே இருக்குன்னு தெரியல. கிடைக்கும்னு சத்தியம் பண்ண முடியாது. ஆனா தேடுறத நிறுத்த மாட்டோம், உனக்கும் வேலை இருக்கு" என்றாள். அழுதான், நிறைய அழுதான். பிறகு என்ன வேலை என்று கேட்டான்.

வேலை என்றால் பெயருக்கு ஒரு வேலை கொடுத்து ஓரமாக உட்கார வைப்பது இல்லை. கயா எந்தப் பக்கம் நடக்கப் போனால் உற்சாகமாகும், எந்தப் புதரில் மூக்கை நுழைத்து வர மறுக்கும், எந்தச் சத்தம் பிடிக்காது என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். அத்தான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் (அவரே ஒத்துக்கொள்வார்). நம் வட்டாரத்தின் வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொடுத்தோம். கயா நிற்கும் இடங்களை அவன் பச்சையில் குறித்தான். யாராவது பார்த்ததாகச் சொன்னால் சிவப்பில் குறித்து, பக்கத்தில் நேரமும் எந்தப் பக்கம் போனது என்பதும் எழுதினான். இந்த வரைபடம்தான் கடைசியில் வேலை செய்தது. பெரியவர்கள் எங்கள் கைப்பேசிகளில் நூறு செய்திகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டிருந்த தகவல்கள், தாளில் புள்ளிகளாக வந்ததும் ஒரு கோடாகத் தெரிந்தன.

சுவரொட்டி பற்றி. கவின் முதலில் எழுதியது ஒரு கட்டுரை: கயாவுக்கு என்ன பிடிக்கும், எப்போது பிறந்தநாள், எவ்வளவு நல்ல பெண். அதை அவனே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இன்னொன்று செய்தோம். பக்கத்தில் பாதிக்கு மேல் படம், பக்கவாட்டில் நின்று முழு உடம்பும் தெரிகிற படம். மேலே 'நாய் காணவில்லை'. கீழே 'துரத்தாதீர்கள், கூப்பிடாதீர்கள், படம் எடுத்து அனுப்புங்கள்', ஓர் எண். ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும். பிள்ளையின் எண்ணைப் போடாதீர்கள், பெரியவர் எண்தான். அப்புறம் ஒட்டுவது: விளக்குக் கம்பம், பேருந்து நிறுத்தம், லிஃப்ட் சுவர் என்று கண்ட இடத்தில் அனுமதியில்லாமல் ஒட்டினால் இங்கே நாசவேலைச் சட்டத்தில் மாட்டுவீர்கள், நாய் தொலைந்த சோகத்தில் அதுவும் வேறா. நகர மன்றத்திடம் கேட்டால் அறிவிப்புப் பலகையில் போட வழி சொல்வார்கள். கடைகளில் கடைக்காரரிடம் கேட்டு உள்ளே ஒட்டலாம். ஈரச்சந்தை மீன்கடையும் காப்பிக்கடை ரொட்டி பரோட்டாக் கடையும் எங்களுக்கு இடம் கொடுத்தன.

ஆனால் உண்மையில் கைகொடுத்தது சுவரொட்டி இல்லை, விடியற்காலையில் விழித்திருக்கும் ஆட்கள். நாம் தூங்கும்போது இந்தத் தீவில் ஓர் ஊரே விழித்திருக்கிறது. புளோக்குகளைக் கூட்டும் துப்புரவு ஊழியர்கள், பூனைகளுக்குச் சோறு வைக்கும் ஆன்ட்டிகள், தொழிற்பேட்டைக் காவலாளிகள், அதிகாலையில் மெதுவோட்டம் போகிற தாத்தாக்கள். பள்ளிக்குக் கிளம்பும் முன் கவினைக் கூட்டிக்கொண்டு இவர்களைப் பார்க்கப் போவேன். பேசுவது அவன்தான், நான் பின்னால் நிற்பேன். பெரியவர் கேட்டால் 'பார்க்கலியே' என்று நடந்துவிடுகிறவர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன் அச்சடித்த படத்தை நீட்டி "அங்கிள், எங்க நாயப் பாத்தீங்களா" என்று கேட்டால் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு துப்புரவு ஊழியர் படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, இது கால்வாய் ஓரமா வருது. நான் குப்பை வண்டியத் தள்ளிட்டு வந்தா ஓடிரும். சும்மா நின்னா நிக்குது" என்றார். அவரே கூட வேலை செய்யும் பங்களாதேஷ் நண்பரிடம் சொல்லி, அந்த நண்பர் படத்தின் கீழே வங்காளத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்து, அது அவர்கள் குழுக்களில் சுற்றியது. நான்கு ஆட்சிமொழிகளில் போட்டுவிட்டோம் என்று பெருமையாக இருந்த எங்களுக்கு இது தோன்றவே இல்லை.

இன்னொருவர் எதிர் புளோக் மலாய் மக்சிக் (மலாயில் 'ஆன்ட்டி'). சமய வழக்கப்படி நாயைத் தொட மாட்டார், கயா லிஃப்டில் இருந்தால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார், அது எங்களுக்குள் சகஜம். அவர் நோன்பு மாதத்தில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹூருக்கு எழுந்து பழகிய பழக்கத்தில் தினமும் இருட்டிலேயே எழுந்து சமையலறை சன்னலைத் திறப்பவராம். கால்வாய்க்குப் பக்கத்துப் புல்வெளியில் பழுப்பாக ஒன்று போவதைப் பார்த்துப் படமெடுத்து அனுப்பியவர் அவர். படம் மங்கல்தான். ஆனால் காது மடிந்த விதத்தைப் பார்த்து கவின் "கயாதான்" என்று சொல்லிவிட்டான், சிவப்புப் பேனாவைத் தேடி ஓடினான்.

நடுவில் ஒரு கசப்பும் உண்டு. 'உங்கள் நாய் என்னிடம் இருக்கிறது, அடிபட்டிருக்கிறது, மருத்துவச் செலவுக்குப் பேநவ் செய்யுங்கள்' என்று, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பச் சொல்லி ஒரு செய்தி வந்தது. அக்கா நடுங்கிப்போனாள். இதற்காகத்தான் எந்த அறிவிப்பிலும் ஓர் அடையாளத்தை வெளியிடாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கயாவின் இடது பின்னங்கால் பாதத்தில் இரண்டு விரல் மட்டும் வெள்ளை, படத்தில் தெரியாது. 'பின்னங்கால் பாதத்தைப் படமெடுத்து அனுப்புங்கள்' என்று கேட்டதும் அந்த எண் அடங்கிவிட்டது. காசை அனுப்பிவிட்டு அப்புறம் போலிசுக்குப் போவதைவிட இந்த ஒரு கேள்வி சுலபம். அந்தச் செய்தியை மட்டும் கவினுக்குச் சொல்லவில்லை.

வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள் கால்வாயை ஒட்டி, பூங்கா இணைப்புப் பாதை வளையும் இடத்தில் சேர ஆரம்பித்தன. நேரங்கள் எல்லாம் விடியலுக்கு முன், இல்லையென்றால் இரவு பத்துக்கு மேல். அங்கே போய் உட்காருவதென்று முடிவானதும் தன்னார்வலர் சில நிபந்தனைகள் சொன்னார். இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். பிள்ளை தனியாக ஒரு நிமிடம்கூட இருக்கக் கூடாது, கால்வாய்க்குள் யாரும் இறங்கக் கூடாது. மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே காய்ந்து கிடக்கிற கால்வாயில் நிமிடங்களில் தண்ணீர் ஏறிவிடும். உணவை வைத்துவிட்டு வரக் கூடாது. எலி வரும், காட்டுப்பன்றி வரலாம், புறாவுக்கும் காட்டு விலங்குக்கும் உணவு போடுவது இங்கே குற்றம் வேறு. கொண்டுபோக வேண்டும், காத்திருக்க வேண்டும், மிச்சத்தை எடுத்துவந்துவிட வேண்டும். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே வாசனை.

வாசனைக்கு அம்மா நெத்திலியை எண்ணெய் விடாமல் கருக வறுத்துக் கொடுத்தார். லிஃப்ட் முழுக்க மணந்தது, கூட வந்தவர்கள் எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது. அம்மா தன் பங்குக்கு ஈசூன் தொழிற்பேட்டையில் இருக்கும் புனிதமரம் பாலசுப்பிரமணியர் கோவிலில் வேண்டிக்கொண்டு, அப்படியே வாசலுக்கு எதிரே இருந்த காவலாளியிடமும் படத்தைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். நடைமுறை தெரிந்த பக்தி.

கவின் கயாவின் பழைய போர்வையை விரித்து, தன்னார்வலர் சொன்னபடி புதருக்கு முதுகைக் காட்டிப் பக்கவாட்டில் உட்கார்ந்தான். நேராகப் பார்ப்பது நாய்க்கு மிரட்டல். பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, ஆனால் தாழ்ந்த குரலில் எதையாவது பேசிக்கொண்டிருக்கலாம், குரல் பழகட்டும். ஒன்பது வயதுப் பையன் தொடர்ந்து என்ன பேசுவான்? கொஞ்ச நேரம் முழித்துவிட்டு ஏழாம் வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தான். வீட்டில் அவன் அதைச் சத்தமாக ஒப்பிக்கும்போதெல்லாம் கயா மேசைக்கடியில்தான் கிடக்கும். ஏழு முடிந்து எட்டு, எட்டு முடிந்து ஒன்பது. சில விடியல்கள் இப்படியே போயின, மழையில் ஒருநாள் போகவே முடியவில்லை. ஒருநாள் புதருக்குப் பின்னால் இலை அசைந்தது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன், வெளியே வந்தது ஒரு உடும்பு.

பிறகொரு நாள் வந்தது கயா. எட்டாம் வாய்ப்பாடு பாதியில் இருந்தான். முதலில் மூக்கு மட்டும் தெரிந்தது, தரையைத் தொடாமல் காற்றை முகர்ந்துகொண்டு. விலா எலும்பு எண்ணலாம் போல இருந்தது. வாலைக் காலிடுக்கில் சுருட்டி, இரண்டடி வருவதும் ஓரடி பின்வாங்குவதுமாக இருந்தது. கவின் திரும்பவில்லை. குரல் நடுங்கியது, ஆனால் எட்டெட்டு அறுபத்துநாலை விடாமல் சொன்னான். பக்கத்தில் தூவியிருந்த நெத்திலியைத் தின்றது, இன்னும் நெருங்கியது, அவன் முழங்கால் மேல் வைத்திருந்த கையை முகர்ந்தது. அந்த இடத்தில்தான் யாருக்கும் கை பரபரக்கும், பாய்ந்து பிடித்துவிடலாம் என்று. பிடிக்காதீர்கள். தின்ன விடுங்கள், அதுவாக உடம்பை ஒட்டும்வரை விடுங்கள். கயா அவன் கையை நக்கிய பிறகு, ஏதோ பூட்டு திறந்த மாதிரி அதன் உடம்பு முழுக்க ஆட ஆரம்பித்தது, முனகிக்கொண்டே மடியில் ஏறிவிட்டது. அவன் மெதுவாகக் கழுத்தை அணைத்துக்கொண்ட பிறகுதான் நான் சுருக்குக் கயிற்றை மாட்டினேன். வாய்ப்பாடு அதற்கப்புறம் தொடரவில்லை, அழுகைதான்.

வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டுவதற்கு முன் நேராக மருத்துவரிடம் போங்கள். காது மடல், விரலிடுக்கு எல்லாம் உண்ணி. உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணமாக வருவது, ரத்தப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது. எலி மூத்திரம் கலந்த கால்வாய்த் தண்ணீரைக் குடித்திருந்தால் லெப்டோ என்கிற எலிக்காய்ச்சல் பற்றியும் கேளுங்கள். பசித்த நாய்க்கு ஒரே தடவையில் நிறையப் போடாதீர்கள், சிறிது சிறிதாகக் கொடுங்கள். கொஞ்ச நாள் பழையபடி இருக்காது. கயா ஒரு வாரம் கழிப்பறை வாசலில்தான் படுத்தது, கவின் அங்கேயே பாயைப் போட்டுப் படிப்பான்.

கிடைத்துவிட்டது என்று சொல்ல மறந்துவிடாதீர்கள். தகவல் கொடுத்த அலுவலகங்கள், காப்பகம், மருத்துவர்கள், எல்லாருக்கும். கடைகளில் ஒட்டியதை நாமே போய் எடுக்க வேண்டும், அடுத்த முறை வேறு யாரோ கேட்கும்போது அவர்கள் இடம் கொடுப்பார்கள். கவின் துப்புரவு ஊழியர்களுக்கு அம்மா செய்த முறுக்கையும் கயாவின் புதுப் படத்தையும் கொண்டுபோய்க் கொடுத்தான். மக்சிக்குக்குக் கடையில் வாங்கிய ஹலால் கேக்.

அத்தான் இப்போது பின்னால் இழுத்தால் இறுகும் கழுத்துப்பட்டை ஒன்றும், வயிற்றுக்குப் பின்னால் இன்னொரு வார் வரும் மார்புப் பட்டை ஒன்றும் வாங்கி, இரண்டையும் ஒரே கயிற்றில் இரட்டைக் கொக்கியால் மாட்டுகிறார். புளூடூத் வில்லை ஒன்றும் தொங்குகிறது. அது கைப்பேசிகள் நிறைய நடமாடும் புளோக்குகளுக்கு நடுவே நன்றாக வேலை செய்யும், ஆளில்லாத காட்டோரத்தில் அவ்வளவு இல்லை, அங்கே ஜிபிஎஸ் பட்டைதான் சரி. மூன்று மணிக்கு மேல் வானம் கறுத்தால் கயாவுக்கு நடை ரத்து. எவ்வளவு கெஞ்சினாலும் கவின் கதவைத் திறக்க மாட்டான், தாழ்வாரத்திலேயே முன்னும் பின்னும் நடத்திக்கொண்டிருப்பான்.